வெள்ளிக்கிழமை மாத்திரை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் ஒரு இழை நூலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால், நாற்பதாம் நம்பரா அறுபதாம் நம்பரா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். சங்கரன்கோவிலில் இதில் என்னிடம் பந்தயம் கட்டி ஜெயித்தவன் கிடையாது. பனவடலிசத்திரத்துப் பக்கம் ஆடு பத்திக்கொண்டு திரிந்தவன், கூலிக்குத் தறி ஓட்ட வந்து, பிறகு சொந்தத்தில் ஒரு ஷெட்டு நிறைய விசைத்தறி போட்டேன். தறி ஓட்டினவன் எவனுக்கும் அறுபது வயசுக்கு மேல் காது கேட்காது. எனக்கு இன்றைக்கும் பக்கத்து அறையில் தும்மினால் யார் தும்மினார் என்று தெரியும்.

இதை எல்லாம் பீற்றிக்கொள்ளுகிறேன் என்று நினைத்தாலும் சரி. என்னை ஏமாற்றுவது லேசு இல்லை என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான். நூல் வியாபாரி முயன்று பார்த்தான். சாயப்பட்டறைக்காரன் முயன்று பார்த்தான். நடக்கவில்லை. என் ஆயுசில் என்னை ஏமாற்றினவர்கள் மூன்று பேர். ஒருத்தி என் வீட்டுக்காரி. ஒருத்தன் என் கூட்டாளி. இன்னொருத்தி என்னை அப்பா என்று கூப்பிட்ட நர்சு சிஸ்டர். மூன்று பேரும் சேர்ந்து, என் கண்ணுக்கு முன்னாலேயே, வெள்ளிக்கிழமைதோறும் செய்தார்கள்.

நாங்கள் இருப்பது கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் உள்ள முதியோர் இல்லம். பிள்ளைகள் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள் என்று ஊருக்குள் பேசினார்கள். அது பொய். வீட்டுக்காரிக்கு இடுப்பு எலும்பு உடைந்து, ஆள் துணை இல்லாமல் எழுந்திருக்க முடியாது என்று ஆனபிறகு, நானே இடம் தேடினேன். பழைய தறி வாங்கப் போகிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தேன். அடுப்படிக்குள் போனேன், கக்கூசைத் திறந்து பார்த்தேன், படுக்கையில் கிடந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். நாலு இடம் கழித்துவிட்டு இதைப் பிடித்தேன். இங்கே எனக்குப் பிடிக்காத காரியம் ஒன்றே ஒன்று இருந்தது. மாத்திரை கொடுக்கிற விதம்.

விடிந்ததும் அவரவர் மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். எழுந்தவர் போட்டுக்கொள்ள வேண்டியது. கூட்டுகிற அம்மா வந்து மேஜையைத் துடைக்கும்போது கிண்ணத்தை எடுத்துக் கீழே வைப்பார். துடைத்துவிட்டு எதை எங்கே வைத்தோம் என்று பார்க்காமல் திரும்ப வைப்பார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பக்கத்துக் கட்டில்காரரின் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு, பாத்ரூம் வாசலில் சுருண்டு விழுந்தார். படித்த மனுஷர்தான். கிண்ணத்தில் இருப்பதை எல்லாம் படித்துப் பார்த்தா விழுங்குகிறோம்?

அன்றைக்கு நான் ஆபீஸ் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரையைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது, எல்லோருக்கும் சாப்பாட்டு ஹாலில், தட்டுக்கு முன்னால், சிஸ்டர் கையால் கொடுக்க வேண்டும், விழுங்கி வாயைத் திறந்து காட்டினபிறகுதான் அடுத்த ஆளிடம் போக வேண்டும் என்று சொன்னேன். நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அதிலிருந்து இந்த இல்லத்தில் ஒருவர் மாத்திரை இன்னொருவர் வாய்க்குப் போனது கிடையாது. இல்லத்துக்கு வருகிற டாக்டர் கூட ஒருதரம், அண்ணாச்சி இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லை என்று சொன்னார்.

சிஸ்டருக்கு மேலநீலிதநல்லூர். வேலையில் கெட்டிக்காரி என்றால் அவள்தான். நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதாக அவள் ஒன்றைச் சேர்த்தாள்: சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் விரதம் இருக்கிறவர்களுக்கு அன்றைக்குக் காலை சுகர் மாத்திரை கிடையாது. தினமும் காலையில் ஹால் நடுவில் நின்று, "இன்னிக்கு யாரெல்லாம் விரதம், கையத் தூக்குங்க" என்பாள். செவ்வாய், வெள்ளி என்றால் பொம்பளைகள் கை பாதிக்கு மேல் உயரும்.

என் வீட்டுக்காரி கை உயராது.

அதற்குக் காரணம் உண்டு. சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதம். மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். ஆடித்தபசு அன்றைக்கு, சாயங்காலம் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுத்து முடிகிற வரைக்கும் ஒன்றும் சாப்பிட மாட்டாள். சுகர் வந்தபிறகும் அப்படியே இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் மயங்கி விழுந்து, ஆட்டுரலில் நெற்றி இடித்துப் புருவம் கிழிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், ஏட்டி, இனிமேல் உனக்கு விரதமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது என்று. அவளும் சரி என்று தலையை ஆட்டினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஹாலில் அத்தனை கை உயரும்போது என் வீட்டுக்காரி கை மடியிலேயே கிடக்கும். எனக்குப் பெருமையாக இருக்கும். நான் சொன்ன சொல்லுக்கு அந்த மதிப்பு. சிஸ்டர் வந்து அவள் உள்ளங்கையில் மாத்திரையை வைப்பாள். சின்ன வெள்ளை மாத்திரை. எனக்கு அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நிறமும் அளவும் மனசில் பதிந்துவிடும். அவள் நாக்கில் வைப்பதை, தண்ணீர் குடிப்பதை, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். அவளும் எனக்கு நேராகத் திரும்பி வாயைத் திறந்து காட்டுவாள். அதற்குப் பிறகுதான் நான் என் தட்டைத் தொடுவேன்.

நான் சாப்பிடுவது தறிக்காரன் சாப்பாடு. குறுக்கே ஓடுகிற ஊடை நூல் தீருவதற்குள் தின்று முடித்துவிட்டுத் தறிக்குத் திரும்புகிற பழக்கம். குனிந்த தலை நிமிராது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அவள் தட்டு காலியாக இருக்கும். எதிரே என் கூட்டாளி வாயைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவனும் கூலிக்கு இருந்த காலத்தில் ஒரே தறியை ஓட்டினவர்கள். பகல் ஷிப்டு அவன், ராத்திரி ஷிப்டு நான். அடுத்த வாரம் மாறும். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வேலை முடிந்தவன் தறியை நிறுத்திவிட்டு அப்படியே போகக் கூடாது. அடுத்த ஆள் வருகிற வரைக்கும் தறிப் பக்கத்தில் நின்று, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலில் எந்த இடம் நைந்திருக்கிறது, எந்த இழை அடிக்கடி அறுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனால் அடுத்தவன் புடவை பாழாகிவிடும். அவன் எனக்கு ஒருநாளும் சொல்லாமல் போனது கிடையாது. காய்ச்சலோடு நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "வே, இங்கன ஒரு இழை இழுத்துக்கிட்டு நிக்கி, பாத்துக்கிடும்" என்பான். அப்படிப்பட்டவன். அவன் பெண்சாதி போய்ச் சேர்ந்து, தனியாகக் கிடந்து அல்லாடினபோது, நான்தான் அவனை இந்த இல்லத்துக்குக் கூட்டிவந்து, என் மேஜையிலேயே இடம் போட்டுக் கொடுத்தேன்.

இங்கே வந்தபிறகு அவனுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. நான் கேலி பண்ணுவேன். ஒரு வெள்ளிக்கிழமை, "ஏம் வே, இன்னிக்கு ஏப்பம் ஒண்ணு கூடக் கேக்குதே" என்றேன். அவன், "எல்லாம் உம்ம வீட்டுப் புண்ணியம்தான் வே" என்றான். வீட்டுக்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டரும் சிரித்தாள். நான்தான் எல்லோருக்கும் மேலே சத்தமாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

தபசு வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் எள் போட இடம் இருக்காது. சுற்றுப்பட்டி எல்லாம் டிராக்டரிலும் வேனிலும் வந்து இறங்கியிருக்கும். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். சிஸ்டர் அன்றைக்கு லீவு. கோயிலைச் சுற்றி வருவதாக நேர்ச்சை, நூற்றியெட்டுச் சுற்று, முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டாள். அவளுக்குப் பதில் ஒரு புது சிஸ்டர் வந்தாள். அமைதியான பிள்ளை. கையில் இருந்த சீட்டைப் பார்த்துப் பார்த்து, கட்டில் கட்டிலாகப் பேர் கேட்டு, பழகிக்கொண்டிருந்தாள்.

காலையில் ஹாலில் நின்று, சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள். தபசு இல்லையா, கை எல்லாம் நெல் நாற்று மாதிரி எழுந்தது. ஆம்பளைகளிலும் நாலைந்து பேர் தூக்கினார்கள். புது சிஸ்டர் என் வீட்டுக்காரியைப் பார்த்தாள். கை மடியில்தான் இருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும், மறுபடியும், "ஆச்சி, உங்களுக்கு விரதம் இல்லையா?" என்று கேட்டாள். வீட்டுக்காரி பதில் சொல்லுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். இவளுக்கு அதெல்லாம் கிடையாது தாயி, நான் நிறுத்தி வருஷக்கணக்காச்சு, நீ மாத்திரையைக் கொடு என்றேன்.

கொடுத்தாள். சின்ன வெள்ளை மாத்திரை. வீட்டுக்காரி அதை நாக்கில் வைத்தாள். வைத்தவள் ஒரு நொடி வாயை அசைக்காமல் இருந்தாள். முகம் லேசாகச் சுளித்தது. கூட்டாளியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள். நான் என் தட்டுக்குக் குனிந்தேன்.

சாயங்காலம் நடக்க முடிந்தவர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும் வேனில் ஏற்றிக் காட்சிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வேன் எந்த வழியாக உள்ளே போக முடியும் என்று எனக்குத்தான் தெரியும் என்பதால், டிரைவரைக் கூட்டிக்கொண்டு வழி பார்க்கப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் இல்லை. வரும்போது நல்ல வெயில். அறைக்குள் போனால் வீட்டுக்காரி கட்டிலில் கிடக்கிறாள். சேலை, ரவிக்கை, தலையணை எல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் வியர்வை. கை நடுங்குகிறது. ஏட்டி என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, செத்துப்போன அவள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்றாள். அப்புறம் கண் மேலே செருகிவிட்டது.

என் சத்தத்துக்கு எல்லோரும் ஓடி வந்தார்கள். சமையல்காரம்மா சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றப் போனார். புது சிஸ்டர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். நினைவு இல்லாத வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும் என்றாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மிஷினில் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்துக்குள் குளுக்கோஸை விரலால் தடவினாள். காட்சிக்கு என்று நின்ற வேன், ஆஸ்பத்திரிக்குப் போனது.

அந்த வழி எனக்கு மறக்காது. இந்தப் பக்கம் போனால் கூட்டம், அந்தப் பக்கம் போனால் கூட்டம். ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றுகிறவர்கள், மஞ்சள் பை, பலூன், குழந்தைகள். நான் இறங்கி வேனுக்கு முன்னால் நடந்து ஆளை விலக்கிக்கொண்டே போனேன். வேனுக்குள் வீட்டுக்காரி தலையைக் கூட்டாளி மடியில் வைத்திருந்தான்; புது சிஸ்டர் பக்கத்தில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் கண் விழித்தாள், மறுபடியும் சர்க்கரை இறங்கிவிட்டது. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமானவர். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"மூணு இட்லி. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றேன்.

நிச்சயமாகவா என்று கேட்டார். நான் பார்த்தது தப்பாது என்றேன். அப்படிச் சாப்பிட்டிருந்தால் இந்த மாத்திரைக்கு இவ்வளவு இறங்கக் கூடாதே, சிறுநீரகத்தில் கோளாறோ, வேறு மாத்திரை எதுவும் மாறிப் போனதோ என்று அவர் யோசித்தார். மாத்திரை மாறியது என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் ஆகிவிட்டது. புது சிஸ்டரைப் பார்த்துக் கத்தினேன். நான் கட்டிக் காத்த இடத்தில், வந்த முதல் நாளே மாத்திரையை மாற்றிக் கொடுத்து என் வீட்டுக்காரியைக் கொல்லப் பார்த்துவிட்டாயே, உன் வேலையை இன்றைக்கே காலி பண்ணாமல் விட மாட்டேன் என்றேன். அந்தப் பிள்ளை பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். சீட்டில் உள்ளதைத்தான் கொடுத்தேன் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, இது சரியான மாத்திரைதான் என்றார். நான் விடவில்லை. இன்னும் கத்தினேன்.

அப்போது கூட்டாளி என் தோளில் கை வைத்தான்.

"வே, அந்தப் பிள்ளைய விடும். அது சரியாத்தான் குடுத்திருக்கு. மதினி சாப்பிடல."

"நான் பாத்தேம்லா."

"நீரு மாத்திரையப் பாத்தீரு. இட்லிய நான்லா தின்னேன்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். அவன் எனக்குச் சொல்லவில்லை, அவருக்குத்தான் சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் நான் கை கழுவ எழுந்ததும் அவள் தட்டு அவன் பக்கம் வந்துவிடும். அவள் விரதத்தை விடவே இல்லை. முதலில் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் பட்டினி கிடந்தாளாம். மருந்துக்கு விரதம் முறியாது என்று அவள் கணக்கு. ஒருநாள் படபடப்பு வந்து சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள். சிஸ்டர் பயந்துபோய், கையைத் தூக்கிவிடுங்கள் அம்மா என்றாளாம். அவர் பக்கத்தில் இருக்கும்போது எப்படித் தூக்குவேன் என்றாளாம் இவள். மாத்திரை கொடுக்காமல் விட்டால், ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்பேன். அதனால் சிஸ்டர் ஒரு வழி பண்ணினாள். வெள்ளிக்கிழமை மட்டும் சுகர் மாத்திரைக்குப் பதிலாக அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை. நான் பார்ப்பதற்கு ஒரு மாத்திரை. நான் திருப்தியாகச் சாப்பிடுவதற்கு ஒரு மாத்திரை.

தபசுக்கும் அதே ஏற்பாடுதான். ஆனால் புது சிஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை.

டாக்டர், நல்லவேளை சொன்னீர்கள், இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது, இந்த மாத்திரை உடம்பில் இருக்கிற வரைக்கும் சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கும், நாளைக்கு வரைக்கும் குளுக்கோஸ் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். புது சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். நான் வழி விட்டு ஒதுங்கினேன்.

கூட்டாளி பெஞ்சில் உட்கார்ந்தான். நான் நின்றேன். நூலில் கலப்படம் பண்ணினவனை உருட்டிப் பார்த்துப் பிடித்த விரல் இது. ஒரு சத்து மாத்திரையைப் பிடிக்கத் தெரியாமல் போய்விட்டது. அதைக்கூட விட்டுவிடலாம். பாவில் ஒரு இழை நைந்திருந்தால் காய்ச்சலோடு நின்று சொல்லிவிட்டுப் போனவன், என் வீட்டுக்காரி உயிர் நைந்துகொண்டிருந்ததை இட்லியோடு சேர்த்து விழுங்கியிருக்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை. கேட்டேன், ஏன் வே எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. மதினி சத்தியம் வாங்கிக்கொண்டார்கள் என்றான். யார் தலையில் அடித்து என்று கேட்டேன். உம்ம தலையில்தான் என்றான்.

சாயங்காலம் கோயில் பக்கமிருந்து ஒரே சத்தம். காட்சி முடிந்துவிட்டது, ஜனங்கள் நேர்ச்சைக்குப் பருத்தியும் மிளகாயும் வாரி இறைத்துச் சூறை விடுகிற நேரம். ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக்கூட அந்த இரைச்சல் வந்தது. அவள் கண் விழித்தாள். இந்தத் தடவை நல்ல நினைவு. என்னைத் தேடவில்லை. பக்கத்தில் நின்ற நர்சிடம், காட்சி முடிஞ்சிட்டா என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றதும், கையில் ஏறுகிற குளுக்கோஸைக் காட்டி, ரத்தத்தில் ஏற்றினால் விரதம் முறியாதில்லையா என்றாள். அந்த நர்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறியாது ஆச்சி, வாய் வழியாப் போனாத்தான் கணக்கு என்றாள்.

மறுநாள் அவள் நன்றாகத் தெளிந்தபிறகு கேட்டேன். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"ஏட்டி, அது சுகர் மாத்திரைன்னு உனக்குத் தெரியாதா?"

"நாக்குல வச்சதுமே தெரிஞ்சுட்டு. வெள்ளிக்கிழமை மாத்திரை லேசா இனிக்கும். இது கசந்துச்சு."

"துப்ப வேண்டியதுதானே?"

"நீங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்திய."

"அப்பம் இட்லியத் தின்னிருக்கலாம்லா?"

"காட்சி பாக்காம எப்படித் திங்க?" என்றாள், நான் கேட்டதுதான் பைத்தியக்காரத்தனம் என்பதுபோல். ஒரு மாத்திரை என்ன பண்ணிவிடும் என்று நினைத்தாளாம்.

எனக்காகவா இந்த விரதம் எல்லாம் என்று கேட்டேன். பொம்பளைகள் புருஷன் ஆயுசுக்கு என்றுதானே இருப்பார்கள். அவள், "இல்ல. எனக்காகத்தான்" என்றாள். அப்புறம், "உங்ககிட்ட சொன்னா விட்டிருப்பியளா?" என்றாள்.

விட்டிருக்க மாட்டேன். அதை அவளிடமே சொன்னேன். நான் விடாமல் இருந்தது அவள் உயிருக்காக. கிழிந்த புருவத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் நான். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்.

லீவு முடிந்து சிஸ்டர் வந்தாள். கோயில் சுற்றின கால் வீங்கியிருந்தது. என் காலைத் தொட வந்தவளை நான் விலகிக்கொண்டேன். தறி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்தது படித்த உனக்குத் தெரியாதா, அடுத்த ஷிப்டுக்காரியிடம் நின்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டாமா, துணிக்கு இருக்கிற மரியாதை மனுஷ உயிருக்குக் கிடையாதா மக்கா என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டுதான் நின்றாள். ஆனால் பதில் சொன்னாள்.

"தப்புத்தான்ப்பா. ஒப்படைக்கணும்னா வாயத் திறந்து சொல்லணும். சொன்னா அது உங்க காதுக்கு வந்துரும்ப்பா."

நிர்வாகம் கூடிப் பேசியது. அவளை வேலையை விட்டு எடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். பாவப்பட்டு இல்லை. இத்தனை நாள் இருந்தவளே இப்படி என்றால், புதுசாக வருகிறவள் என்ன பண்ணுவாளோ என்று. லீவு போகிறவள் அடுத்து வருகிறவளைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக நின்று, யாருக்கு என்ன, யார் எதைச் சொல்ல மாட்டார் என்பது உட்பட எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும் என்று வைத்தார்கள். அது நான் சொன்னது. ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரை என்ற பேச்சே கூடாது என்று இல்லத்து டாக்டர் சொன்னார். மாத்திரையைப் பார்த்தால் போதாது, தட்டையும் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தார். அதுவும் எனக்குச் சம்மதம்.

கடைசியாகச் சிஸ்டர் ஒன்று சொன்னாள். ஹாலில் வைத்துக் கையைத் தூக்கச் சொல்லுவது இனிமேல் வேண்டாம்; விடிகாலையில் ஒவ்வொருவர் கட்டிலுக்கும் போய் தனியாகக் கேட்க வேண்டும்; கேட்கும்போது வீட்டு ஆட்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இல்லத்தில் என் பேச்சை மீறி நடந்த முதல் காரியம் அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போது சிஸ்டர் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து வீட்டுக்காரிக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து நின்றாள். வீட்டுக்காரியும் பார்த்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தேன். என் அறைதான். நான் தேடிப் பிடித்த இடம்தான். கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

வராந்தாவில் கூட்டாளி டீயோடு நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நான் அவனோடு பேசவில்லை, மேஜையை மாற்றிக்கொண்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டான். உள்ளே பேச்சு நடந்தது. சிஸ்டர் ஏதோ கேட்டாள். வீட்டுக்காரி நிதானமாகப் பதில் சொன்னாள், நடுவில் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னோடு இருந்தவள், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, என்னிடம் சொல்லாததை இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

கூட்டாளி ஒரு டம்ளரை என் பக்கம் நீட்டினான்.

"உள்ள என்ன சொல்லுதாவ வே? உமக்குத்தான் பாம்புச் செவியாச்சே."

"எனக்கு இப்பம் காது மந்தம் வே" என்றேன்.

டீயை வாங்கவில்லை. வராந்தா கடைசி வரைக்கும் நடந்துபோய் நின்றுகொண்டேன்.